உள்ளங்கை ரேகை சாட்சியாவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

விரல் ரேகை பற்றிய பகுதி வெளிவந்த பிறகு, "உள்ளங்கையை விட்டுவிட்டீர்களே" என்று பல கடிதங்கள் வந்தன. அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்த கேள்விகள் இங்கே.

கேள்வி: ஜோதிடர் பார்க்கும் கைரேகையும் தடயவியல் நிபுணர் பார்க்கும் கைரேகையும் ஒன்றுதானா?

இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் வருகிற குழப்பம் இது. ஆயுள் ரேகை, புத்தி ரேகை, இருதய ரேகை என்று சொல்லப்படுபவை, கை மடங்கும் இடங்களில் விழுந்த மடிப்புக் கோடுகள். நிபுணர் முதலில் பார்ப்பது, உழுத வயலின் சால்களைப் போல உள்ளங்கை முழுவதும் பக்கம் பக்கமாக ஓடும் மெல்லிய மேட்டு வரிகளை. அந்த மேடுகளின் மேல்தான் வியர்வைத் துளைகள் இருக்கின்றன. அதனால்தான் கை பட்ட இடத்தில் வரிகளின் உருவம் பதிகிறது.

கருவில் 10ஆவது வாரத்தையொட்டி உருவாகத் தொடங்கும் இந்த வரிகள், சுமார் 24ஆவது வாரத்துக்குள் நிலைபெற்றுவிடும். ஒவ்வொரு வரியும் எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதைக் கருப்பையின் சின்னஞ்சிறு சூழல் வேறுபாடுகளும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் இவை ஒத்துப்போவதில்லை.

மடிப்புக் கோடுகளையும் நிபுணர் ஒதுக்கிவிடுவதில்லை. கிடைத்த துண்டு கையின் எந்த இடத்தைச் சேர்ந்தது என்று கண்டுபிடிக்க அவைதான் முதல் வழிகாட்டி. பெரிய மடிப்புகள் வாழ்நாள் முழுவதும் இருக்கும். வயதாக ஆகச் சேரும் வெள்ளைக் கீறல் போன்ற சிறு மடிப்புகள் மாறக்கூடியவை. அவற்றை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கு வரக்கூடாது.

கேள்வி: விரல் ரேகை இருக்கும்போது உள்ளங்கை எதற்கு?

குற்றம் நடந்த இடத்தில் விரல் நுனி மட்டும்தான் படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. ஜன்னல் விளிம்பைப் பிடித்து ஏறுகிறவரின் முழு எடையும் உள்ளங்கையில் இறங்குகிறது. கத்திப் பிடி, வண்டியின் ஸ்டீயரிங், மேசை விளிம்பு, தள்ளித் திறந்த கண்ணாடிக் கதவு ஆகிய எல்லாவற்றிலும் உள்ளங்கையே அதிகம் படுகிறது. குற்ற இடங்களில் எடுக்கப்படும் மறைந்த ரேகைகளில் (கண்ணுக்கு எளிதில் தெரியாத பதிவுகளில்) சுமார் 30 சதவீதம் உள்ளங்கையுடையவை என்பது துறையில் பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு.

இதன் வரலாறும் பழையது. 1858இல் வங்காளத்தின் ஜங்கிப்பூரில், சாலைக்குக் கல் தருவதற்கான ஒப்பந்தத்தின் பின்புறம் ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையை மையில் தோய்த்துப் பதியவைத்தார் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி. அவர் முதலில் எடுத்தது முழு உள்ளங்கைப் பதிவு. தனி விரல் பதிவுக்கு அவர் பிறகுதான் மாறினார். கொலை வழக்கு என்று பார்த்தால், 1916 டிசம்பரில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ஜார்பிட்ஜில் தபால் வண்டி ஓட்டுநர் கொல்லப்பட்டபோது, ஓர் உறையின் மேல் ரத்தம் தோய்ந்த உள்ளங்கைப் பதிவு கிடைத்தது. பென் கூல் என்பவருக்கு எதிராக அதைச் சாட்சியமாக ஏற்றதை 1918இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது.

கேள்வி: கிடைப்பது பெரும்பாலும் சின்னத் துண்டுதானே? அது இடது கையா வலது கையா, எந்தப் பகுதி என்று எப்படிச் சொல்கிறார்கள்?

உள்ளங்கை ஆய்வின் உயிரே இதில்தான் இருக்கிறது. விரல் நுனி சிறியது. திசை பெரும்பாலும் பார்த்ததுமே தெரிந்துவிடும். உள்ளங்கை அகன்ற நிலம். எந்தத் திசை, எந்த மூலை என்று தெரியாமல் ஒப்பிடத் தொடங்கினால், அதே கையின் மாதிரியை (ஒப்பிடுவதற்காகச் சந்தேக நபரிடம் எடுத்த பதிவை) பக்கத்தில் வைத்துக்கொண்டே "பொருந்தவில்லை" என்று எழுதிவிட நேரும்.

கையை மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: விரல்களுக்குக் கீழே உள்ள விரலடிப் பகுதி, கட்டைவிரல் மேடு, சுண்டுவிரல் பக்க மேடு. விரலடிப் பகுதியில் ஆள்காட்டி முதல் சுண்டுவிரல் வரை ஒவ்வொரு விரலின் கீழும், மூன்று பக்கமிருந்து வரும் வரிகள் கூடும் ஒரு முச்சந்தி இருக்கும். துறையில் அதை டெல்டா என்பார்கள். மோதிர விரலின் கீழுள்ள டெல்டா சிலருக்கு இருக்காது. மணிக்கட்டை ஒட்டி, உள்ளங்கையின் அடிப்பாகத்தில் இன்னொரு டெல்டா உண்டு. கட்டைவிரல் மேட்டில் வரிகள் கட்டைவிரலின் அடியைச் சுற்றிப் பிறை வடிவில் வளைந்தோடும். அவற்றைக் குறுக்கும் நெடுக்குமாக வெட்டும் சிறு மடிப்புகளும் அங்கேதான் அதிகம். ஆள்காட்டி விரலின் அடியிலிருந்து புறப்படும் வரிகள் உள்ளங்கையைக் கடந்து, அருவி விழுவதுபோலச் சரிந்து சுண்டுவிரல் பக்க ஓரத்தில் இறங்கும்.

இந்தச் சரிவுதான் கையைக் காட்டிக்கொடுக்கிறது. பதிவை விரல்கள் மேலே இருக்குமாறு வைத்தால், வலது கையின் பதிவில் வரிகள் வலப்பக்கம் கீழ்நோக்கிச் சரியும். இடது கையின் பதிவில் இடப்பக்கம். இங்கே பலர் தடுமாறுவார்கள். உங்கள் வலது கையை முகத்துக்கு நேரே விரித்துப் பார்த்தால் கட்டைவிரல் வலப்பக்கம் தெரியும். அதே கையை மேசைமேல் பதித்தால் கட்டைவிரல் இடப்பக்கம் விழும். பதிவு என்பது கையின் கண்ணாடி பிம்பம். புதிதாகப் பயிற்சி பெறுபவர் தம் இரு கைகளையும் மையில் பதித்து, அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வேலை பார்ப்பது நல்லது.

இன்னொரு பொறி: விரலடிப் பகுதியிலும் சுண்டுவிரல் மேட்டிலும் வரிகள் கண்ணிபோல வளைந்து திரும்பும் இடங்கள் உண்டு. சின்னத் துண்டில் அது அப்படியே விரல் நுனிக் கண்ணி போலத் தெரியும். அதை விரல் என்று எண்ணி, சேமித்துவைத்த விரல் ரேகைகளின் தொகுப்பில் தேடுவார்கள், ஒன்றும் கிடைக்காது, கோப்பு மூடப்படும். வளைவின் அளவு, வரிகளின் தடிமன், ஓரத்தில் விரலின் வரம்பு தெரிகிறதா என்பதைப் பார்க்காமல் "விரல்" என்று எழுதக்கூடாது.

கேள்வி: பவுடர் தூவி டேப்பில் எடுத்தால் போதாதா? என்ன தவறு நடக்கும்?

பல சமயம் போதும். கண்ணாடி, பெயின்ட் அடித்த உலோகம் போன்ற வழவழப்பான பரப்பில் அலுமினியப் பவுடரும் கண்ணாடியிழைத் தூரிகையும் நன்றாக வேலை செய்யும். சொரசொரப்பான பரப்பில் காந்தப் பவுடர் நல்லது. தூரிகை மயிர் ரேகையைத் தேய்க்காது. மரபணு மாதிரியும் எடுக்கவேண்டிய இடம் என்றால், எதை எங்கே முதலில் எடுப்பது என்று தூரிகையைத் தொடுவதற்கு முன்பே முடிவுசெய்யுங்கள். பல இடங்களைத் தடவிய தூரிகை, ஓர் இடத்தின் மரபணுவை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்.

உள்ளங்கையில் வரும் தனிச் சிக்கல் அளவு. விரலுக்கான டேப் அகலம் போதாமல் இரண்டு மூன்று துண்டாக ஒட்டினால், இணைப்பில் வரிகள் அறுந்தோ இரட்டித்தோ தெரியும். 13×18 செ.மீ. அளவுள்ள ஜெலட்டின் தகட்டை ஒரே வீச்சில் ஒரு முனையிலிருந்து உருட்டிப் படியவைத்து எடுப்பது மேல். ஆனால் கறுப்பு ஜெலட்டின் தகட்டை நேராகப் பார்க்கும்போது படம் இடவலம் மாறியிருக்கும். தெளிந்த டேப்பை அட்டையில் ஒட்டி டேப் வழியாகப் பார்த்தால் மாறாது. இருபுறமும் தெரியும் கண்ணாடியில், எந்தப் பக்கம் நின்று படம் எடுத்தீர்கள் என்பதைப் பொறுத்து மாறும். உறையின் மேல் இதைக் குறிக்காமல் விட்டால், ஆய்வுக்கூடத்தில் வலது கை இடது கையாகிவிடும். அலுமினியப் பவுடரைக் கறுப்பு அட்டையில் ஒட்டினால் வரிகள் வெள்ளையாகவும், மை மாதிரியில் கறுப்பாகவும் இருக்கும்; வரிகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தையே வரி என்று எண்ணும் தவறு இங்கிருந்துதான் வருகிறது.

எடுப்பதற்கு முன் படம் கட்டாயம். கேமரா பரப்புக்குச் செங்குத்தாக இருக்கட்டும். அளவுகோல் ரேகை இருக்கும் அதே தளத்தில் இருக்கட்டும். அங்குலத்துக்கு 1000 படப்புள்ளிகள் (பிக்சல்) என்பது தேவையான தெளிவு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 6000×4000 படப்புள்ளிகள் தரும் கேமராவில் இந்தத் தெளிவுடன் அடங்குவது சுமார் 15×10 செ.மீ. மட்டுமே. முழுக் கை அதில் அடங்காது. ஒன்றன்மேல் ஒன்று சற்றுப் படியும்படி சில படங்கள் எடுத்து, முழுக் காட்சிக்குத் தனியாக ஒன்று எடுங்கள்.

கேள்வி: சந்தேக நபரின் உள்ளங்கை மாதிரியை எடுக்கும் சரியான முறை என்ன? எங்கள் நிலையத்தில் கையை மையில் வைத்துக் காகிதத்தில் அழுத்துகிறோம்.

அழுத்தி மட்டும் எடுத்தால் உள்ளங்கையின் நடுக்குழி பதியாது, ஓரங்களும் பதியாது. குற்ற இடத்தில் கிடைத்தது சரியாக அந்த ஓரமாகவே இருக்கும். உள்ளங்கை வழக்குகள் வீணாவதற்கு முக்கியக் காரணம் குற்ற இடத்து ரேகையின் மங்கல் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். அரைகுறை மாதிரி அதைவிடப் பெரிய காரணம் என்பது எங்கள் உறுதியான கருத்து. குற்ற இடத்தில் கிடைத்ததை மாற்ற முடியாது. மாதிரி நம் கையில் இருக்கிறது. அதைக் கெடுத்துவிட்டு நிபுணரைக் குறை சொல்லிப் பயனில்லை.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி முழுதும் உலர்த்துங்கள். வியர்க்கும் கையை ஸ்பிரிட்டால் துடைத்த உடனே எடுக்க வேண்டும். கண்ணாடித் தகட்டில் கறுப்பு அச்சு மையை ரப்பர் ரோலரால் மெல்லிய படலமாகப் பரப்பி, அந்த ரோலராலேயே உள்ளங்கையில் மை பூசுங்கள். கையைத் தகட்டில் வைத்து அழுத்தினால் குழியில் மை ஏறாது. மணிக்கட்டு மடிப்பு முதல் விரல் நுனி வரை எங்கும் சீராகப் படியட்டும். மை தடித்தால் பள்ளங்கள் நிரம்பி வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பெரும்பாலான மாதிரிகள் கெடுவது மை குறைந்து அல்ல, கூடித்தான்.

சுமார் 8 செ.மீ. விட்டமுள்ள உருளை ஒன்றில் 20 செ.மீ. சதுரத் தாளைச் சுற்றி, இரு முனையிலும் ரப்பர் வளையம் போடுங்கள். மணிக்கட்டு மடிப்பை உருளையின் மேல் வைத்து, கையை மெதுவாகப் பின்னிழுத்தபடி விரல் நுனி வரை உருட்டுங்கள். நடுக்குழி வரும்போது புறங்கையில் லேசாக அழுத்துங்கள். விரல்கள் சற்று விரிந்திருக்கட்டும். பதியப்படுபவர் தானாக அழுத்தக் கூடாது. கையைத் தளரவிடச் சொல்லுங்கள்.

பிறகு வேறு தாளில் சுண்டுவிரல் பக்க ஓரத்தைத் தனியாக எடுங்கள். எழுதும்போது காகிதத்தின்மேல் படியும் பகுதி இதுதான். கையை அந்த ஓரத்தின்மேல் செங்குத்தாக நிறுத்தி, உள்ளங்கைப் பக்கமாகச் சாய்த்து உருட்டுங்கள். அதேபோலக் கட்டைவிரல் மேட்டின் ஓரத்தையும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட பகுதியையும் எடுங்கள். விரல்களின் நடுக்கணு, அடிக்கணு, பக்கங்கள், நுனி ஆகியவையும் வேண்டும். எல்லாவற்றிலும் குறைந்தது இரண்டு பிரதி. இடது, வலது என்று அந்த நிமிடமே எழுதுங்கள். எல்லாம் முடிந்தபின் நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

மின்னணுக் கருவியில் எடுப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. தட்டைக் கண்ணாடியில் குழி தொடாது. திரையில் நடுவில் வெள்ளைத் திட்டு தெரிந்தால் மறுபடி எடுங்கள். முதியவர்களின் மெலிந்த தோலுக்கும் இறந்தவரின் கைக்கும், கறுப்புப் பவுடரை மெல்லத் தடவி வெள்ளை ஒட்டுத்தாளில் எடுப்பது மையைவிடத் தெளிவாக வரும்.

கேள்வி: போலிப் பத்திரம் ஒன்றில் எழுதியவரின் கை பட்டிருக்கும். காகிதத்திலிருந்து எடுக்க முடியுமா?

முடியும், பல வருடப் பழைய காகிதத்திலும் கிடைப்பதுண்டு. வியர்வையின் அமினோ அமிலங்கள் காகித இழைகளில் தங்கிவிடுவதே காரணம். காகிதம் நனைந்திருந்தால் அவை கரைந்துபோகும். ஆனால் கொழுப்பு எஞ்சியிருக்கும், அதற்கு வெள்ளி சார்ந்த ஃபிசிக்கல் டெவலப்பர் என்ற முறை இருக்கிறது.

வரிசை முக்கியம். முதலில் சாதாரண ஒளியிலும் சிறப்பு ஒளியிலும் பார்வை, படம். எழுத்து ஆய்வும், பேனா அழுத்தத் தடம் பார்க்கும் ஆய்வும் ரசாயனத்துக்கு முன்பே முடிய வேண்டும். கரைப்பான் பட்டால் மை ஓடும், அழுத்தத் தடமும் கெடும். அடுத்து, அமினோ அமிலங்களோடு வினைபுரியும் இன்டேன்டையோன் அல்லது டி.எஃப்.ஓ. கரைசல். முன்னதற்கு 100 டிகிரி செல்சியஸில் சுமார் 10 நிமிடம், பின்னதற்கு 20 நிமிடம் சூடு. பச்சை ஒளியில் ஆரஞ்சு வடிகட்டி வழியாகப் பார்த்தால் வரிகள் ஒளிரும். பிறகு நின்ஹைட்ரின், சுமார் 80 டிகிரியிலும் 65 சதவீதம் ஈரப்பதத்திலும். வரிகள் ஊதா நிறத்தில் எழும். கடைசியில்தான் ஃபிசிக்கல் டெவலப்பர். வரிசையை மாற்றினால் முந்தைய முறை பிறகு பலிக்காது. வெப்பத்தாள் ரசீதுகள் சூட்டில் கறுத்துவிடும். அவற்றுக்குத் தனி முறை.

வழக்கறிஞர்களிடம் ஒரு வேண்டுகோள்: மூலப் பத்திரத்தைக் கையுறை அணிந்து ஓரத்தில் பிடித்து, காகித உறையில் வையுங்கள். லேமினேட் செய்யாதீர்கள். நகலில் ரேகை தேட முடியாது.

கேள்வி: ரத்தத்தில் பதிந்த கை என்றால் வழக்கு முடிந்ததுதானே?

வலுவான சாட்சியம். ஆனாலும் மூன்று வாய்ப்புகளைப் பிரித்தாக வேண்டும்: ரத்தம் தோய்ந்த கை சுத்தமான பரப்பில் பட்டதா, சுத்தமான கை ஈர ரத்தத்தில் பட்டதா, முன்பே இருந்த வியர்வை ரேகையின்மேல் ரத்தம் பரவியதா? இரண்டாவதில் மேட்டு வரிகள் ரத்தத்தை அப்புறப்படுத்திப் பள்ளங்களில் தேங்கவைக்கும். கறுப்பு வெள்ளை இடம் மாறித் தெரியும். கை அதிகம் நனைந்திருந்தால் முதல் வகையிலும் பள்ளங்கள் நிரம்பிக் குழப்பும். மூன்றாவது வாய்ப்பை யோசிக்காமல் "குற்றத்தின்போது பதிந்தது" என்று எழுதுவது ஆபத்து.

முதலில் படம், மரபணு மாதிரிக்கு வரி இல்லாத ஓரத்திலிருந்து துளி. பிறகு 2 சதவீத சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தால் ரத்தத்தை நிலைநிறுத்திவிட்டு, ஆசிட் பிளாக் 1 சாயம். கறுத்த வழவழப்பான பரப்பில், நீல ஒளியில் ஒளிரும் ஆசிட் யெல்லோ 7 நல்லது. நிலைநிறுத்தாமல் சாயம் போட்டால் ரேகை கண்ணெதிரே கரைந்து ஓடும். இந்தச் சாயங்கள் புரதத்தைத்தான் காட்டும். அது மனித ரத்தம் என்று நிறுவ வேறு சோதனை தேவை.

கேள்வி: ரேகை பதிந்து எத்தனை நாள் ஆனது என்று சொல்ல முடியுமா?

நம்பகமாகச் சொல்ல முடியாது. சொல்கிறவரை நம்பாதீர்கள். இடமும் சூழலும் சில சமயம் உதவும்: நேற்றுத் துடைத்த கண்ணாடியா, அந்த நபர் முன்பே அங்கே வந்துபோனவரா, கை எந்தத் திசையில் பதிந்திருக்கிறது என்பவை விசாரணை அதிகாரி தேடவேண்டிய விவரங்கள்.

கேள்வி: கணினி தேடித் தந்துவிடாதா?

பட்டியல் தரும்; முடிவு தராது. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நாடு தழுவிய உள்ளங்கைத் தொகுப்பை 2013இல்தான் தொடங்கியது; விரல் தொகுப்புகளைவிட இது மிகவும் இளையது. முழு உள்ளங்கையில் ஒப்பிடத்தக்க வரி முனைகளும் கிளைகளும் பல நூறு இருக்கும். ஆகவே பகுதியையும் திசையையும் சரியாகக் கொடுத்துத் தேடினால் பலன் கூடும். தொகுப்பு பெரிதாக ஆக, வேறொருவரின் ரேகை ஏறத்தாழ ஒத்திருப்பதும் கூடும். 2004 மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் கிடைத்த விரல் ரேகையை, இப்படிக் கணினி காட்டிய, தொடர்பே இல்லாத ஒருவருடையது என்று எஃப்.பி.ஐ. நிபுணர்கள் அடையாளம் சொன்னார்கள். நீதிமன்றம் நியமித்த நிபுணரும் அதை ஒப்புக்கொண்டார். உண்மையான நபரை ஸ்பெயின் காவல்துறை கண்டறிந்த பிறகே தவறு திருத்தப்பட்டது.

கேள்வி: 12 புள்ளிகள் பொருந்தினால் போதும் என்கிறார்களே? குறுக்கு விசாரணையில் நான் என்ன கேட்கலாம்? (இளம் வழக்கறிஞர் ஒருவர்)

புள்ளி என்று இங்கே சொல்வது, வரி முடியும் அல்லது பிரியும் இடத்தை. 12 என்ற எண் 1914இல் பிரான்சின் தடயவியல் முன்னோடி எட்மண்ட் லொகார்ட் வகுத்த விதியிலிருந்து வருகிறது. இங்கிலாந்தும் வேல்ஸும் 16 என்று வைத்திருந்து 2001இல் கைவிட்டன. பல நாடுகளில் இப்போது குறைந்தபட்ச எண் கிடையாது. எண்ணைவிட, பதிவின் தெளிவும், அந்தப் புள்ளிகள் எவ்வளவு அரிதானவை என்பதும் முக்கியம் என்பது நியாயமான வாதம். அப்படியானால் நிபுணர் தம் காரணங்களைக் காட்டக் கடமைப்பட்டவர்.

பிழை விகிதத்தைக் கேளுங்கள். விரல் ரேகை பற்றி 2011இல் வெளியான, 169 நிபுணர்கள் பங்கேற்ற அமெரிக்க ஆய்வில், வேறு நபரின் ரேகையைத் தவறாக அடையாளம் சொன்னது 0.1 சதவீதம், அதே நபருடையதை அல்ல என்று விலக்கியது 7.5 சதவீதம். உள்ளங்கைக்கு 2021இல் வெளியான ஆய்வில் இவை 0.7, 9.5 சதவீதம். இரண்டும் உள்ளங்கையில் கூடுதல். பதிவின் திசையையும் இடத்தையும் தவறாகக் கொள்வது, அதே நபரை விலக்கிவிடும் பிழைக்கு எளிதில் வழிவிடும்.

ஆகவே கேளுங்கள்: மாதிரியைப் பார்ப்பதற்கு முன்பே குற்ற இடத்து ரேகையில் புள்ளிகளைக் குறித்துவைத்தீர்களா? குறித்த தாள் எங்கே? மாதிரியைப் பார்த்த பின் எதைச் சேர்த்தீர்கள், எதை நீக்கினீர்கள்? பொருந்தாத இடங்களுக்கு என்ன விளக்கம்: வழுக்கலா, இருமுறை பட்டதா, அழுத்தமா? சரிபார்த்த இரண்டாம் நிபுணருக்கு முதல் நிபுணரின் முடிவு முன்பே தெரியுமா? "பொருந்தவில்லை" என்று சொல்லியிருந்தால், மாதிரியில் அந்தப் பகுதி முழுதாகப் பதிந்திருந்ததா? பதியாத பகுதியை வைத்து யாரையும் விலக்க முடியாது. அங்கே நேர்மையான விடை "முடிவு சொல்ல இயலாது" என்பதுதான்.

கேள்வி: சிமென்ட் வேலை செய்பவரின் கை தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. அவர் ரேகை அழிந்துவிட்டதா?

அழியவில்லை. வரிகளின் அச்சு தோலின் அடியடுக்கில் இருக்கிறது. தேய்வது மேலடுக்கு மட்டும். வேலையிலிருந்து விலகியிருந்தால் சில வாரங்களில் வரிகள் மறுபடி எழும். அவசரம் என்றால் கையை வெதுவெதுப்பான நீரில் நனைத்துத் துடைத்து, மிகக் குறைந்த அளவு கிரீம் தடவி உடனே துடைத்துவிட்டு, மெல்லிய மையில் லேசான அழுத்தத்துடன் எடுங்கள். அடியடுக்கு வரை போன ஆழ்ந்த வெட்டோ தீப்புண்ணோ மட்டுமே நிலையான தழும்பாகும். அந்தத் தழும்பும் பிறகு ஒப்பிடுவதற்கு ஓர் அடையாளமாகிவிடும். எனவே மாதிரித் தாளில் அதன் இடத்தையும், காயம் ஏற்பட்ட காலத்தையும் கேட்டுக் குறித்துவையுங்கள்.